3 மடங்குக்கு மேலே எது கூர்மை? என்லார்ஜர் லென்ஸ், திருப்பிப் போட்ட 28 மிமீ, மைக்ராஸ்கோப் லென்ஸ்

மாந்தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோப்பில் முசுறு (இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செம்மஞ்சள் எறும்பு) ஏராளம். அதே மரங்களில் அச்சு அசலாக முசுறு மாதிரியே வேடம் போடும் குதிக்கும் சிலந்தியும் இருக்கிறது. மிர்மபிளாட்டா பிளாட்டலியாய்டஸ் என்று அதற்கு அறிவியல் பெயர். இரண்டின் முகத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும்படி படம் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. முசுறின் கண்ணில் சில்லுகள் (கூட்டுக் கண்ணின் குட்டிக் குட்டி லென்ஸ்கள்) தனித்தனியாகத் தெரிய வேண்டும், சிலந்தியின் கண்ணைச் சுற்றி உள்ள ரோமமும் தெரிய வேண்டும். அதற்கு 3 மடங்கிலிருந்து 5 மடங்கு வரை, அதாவது சென்சாரில் பிம்பம் நிஜ அளவைவிட அத்தனை மடங்கு பெரிதாக விழும்படி, போக வேண்டியிருக்கிறது. கேனன் எம்பி-இ 65 மிமீ மாதிரி அதற்கென்றே செய்த லென்ஸ் வாங்க வசதி இல்லை.

என் கையில் இருப்பவை: 24 மெகாபிக்சல் நிக்கான் ஏபிஎஸ்-சி கேமரா, ஒரு பழைய பெல்லோஸ் (லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்கும் துருத்தி), மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றிலிருந்து வாங்கிய எல்-நிக்கோர் 50 மிமீ எஃப்/2.8 என்லார்ஜர் லென்ஸ் (இருட்டறையில் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவியின் லென்ஸ்), திருப்பிப் போட வளையத்தோடு ஒரு பழைய 28 மிமீ எஃப்/2.8, அப்புறம் 4 மடங்கு மைக்ராஸ்கோப் லென்ஸ். அதன் மேல் 4/0.10, 160/0.17 என்று எழுதியிருக்கிறது.

பத்து ரூபாய் நோட்டை வைத்து மூன்றையும் சோதித்தேன். மூன்றும் ஒரே மாதிரி சுமாராகத்தான் தெரிகின்றன. 28 மிமீயில் நடுப்பகுதி பரவாயில்லை, ஓரம் போய்விடுகிறது. கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடட்டும் என்று எஃப்/11 வைத்தால் எல்லாமே மங்கல். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது? நம்பி முடிவெடுக்கிற மாதிரி எப்படிச் சோதிப்பது?

தும்பி:

ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற க்ளோஸ்-அப் லென்ஸ் வாங்கி ஜூம் லென்ஸ் முன்னால் மாட்டிவிடுங்கள், வேலை முடிந்தது. நான் அதில்தான் எல்லாச் சிலந்தியும் எடுக்கிறேன். பையிலேயே கிடக்கும், இரண்டு நொடியில் மாட்டலாம்.

இருட்டறை:

தும்பி சொல்வது தோப்பில் நடந்துகொண்டே எடுக்க அருமையான வழி. ஆனால் அதன் திறன் 8 டயாப்டர், அதாவது குவிய தூரம் 125 மிமீ. 200 மிமீ லென்ஸ் முன்னால் மாட்டினால் 200-ஐ 125-ஆல் வகுத்த அளவு, 1.6 மடங்குதான் கிடைக்கும். தம்பி கேட்பது 3-க்கு மேலே. அது வேறு ஆட்டம்.

தம்பி, எனக்கு இருபது வயதிலிருந்து என்லார்ஜரோடுதான் பழக்கம். ஸ்டுடியோவில் இருட்டறை வேலை முழுக்க என்னுடையது. எல்-நிக்கோர், ரோடகான், காம்போனான்-எஸ் மூன்றிலும் பிரிண்ட் போட்டிருக்கிறேன். இப்போது அதே லென்ஸ்களைப் பூச்சி படத்துக்கு வைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

முதலில் எஃப்/11 விஷயம். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எஃப் எண் (எண் ஏற ஏறத் துளை சுருங்கும்) தூரத்துப் பொருளுக்கானது. பெல்லோஸை நீட்ட நீட்ட அந்த எண் நிஜத்தில் ஏறிக்கொண்டே போகும். கணக்கு சுலபம்: எஃப் எண்ணை, உருப்பெருக்கத்தோடு ஒன்று கூட்டிப் பெருக்குங்கள். 3 மடங்கில் எஃப்/11 என்றால் 11 பெருக்கல் 4, அதாவது எஃப்/44. அந்தத் துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, ஒரு புள்ளி சென்சாரில் கிட்டத்தட்ட 59 மைக்ரான் அகல வட்டமாகிவிடும். உங்கள் கேமராவில் ஒரு பிக்சல் 3.9 மைக்ரான். பதினைந்து பிக்சலுக்கு ஒரே புள்ளி! பூச்சியின் மேல் அது 20 மைக்ரான். எறும்பின் கண்ணில் ஒரு சில்லும் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். சில்லும் பக்கத்துச் சில்லும் ஒன்றாகக் கரைந்து போவது லென்ஸின் குற்றமே இல்லை. உலகத்திலேயே சிறந்த லென்ஸை மாட்டினாலும் எஃப்/11-இல் அதே மங்கல்தான். எல்-நிக்கோரும் 28-உம் ஒரே மாதிரி தெரிந்ததற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எஃப்/4-க்கு வாருங்கள். 3 மடங்கில் அது எஃப்/16 ஆகும், பூச்சியின் மேல் பரவல் 7 மைக்ரான். கண் சில்லு பிரியும். ஆழம் போய்விடுமே என்றால், ஆமாம், போய்விடும். அதை ஸ்டேக்கிங்கில்தான், அதாவது ஃபோகஸை நகர்த்தி எடுத்த பல படங்களை மென்பொருளில் ஒன்றாக்கித்தான், வாங்க வேண்டும். ஒரே படத்தில் ஆழமும் கூர்மையும் இந்த உருப்பெருக்கத்தில் கிடைக்காது.

அடுத்தது எல்-நிக்கோரை எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறீர்கள் என்பது. இதை நீங்கள் எழுதவில்லை. என்லார்ஜரில் அந்த லென்ஸ் என்ன வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். திருகாணி மரை இருக்கும் பக்கம் மேலே, நெகட்டிவைப் பார்க்கும். முன் கண்ணாடி கீழே, பேப்பரைப் பார்க்கும். சின்ன நெகட்டிவைப் பெரிய பேப்பராக்க வேண்டும், அதுவும் ஓரம் வரை தட்டையாக. அதற்கென்றே கணக்குப் போட்டுச் செய்தது. 35 மிமீ நெகட்டிவிலிருந்து 8-க்கு 12 பிரிண்ட் என்றால் எட்டு மடங்கு சொச்சம். இப்போது உங்களிடம் சின்னது பூச்சி, பெரியது சென்சார். ஆகவே நெகட்டிவ் இருந்த பக்கம் பூச்சி வர வேண்டும், பேப்பர் இருந்த பக்கம் சென்சார் வர வேண்டும். அதாவது 1 மடங்குக்கு மேல் போனால் என்லார்ஜர் லென்ஸைத் திருப்பித்தான் போட வேண்டும். நேராக மாட்டினாலும் படம் வரும், ஆனால் ஓரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இதில் ஒரு பொடி விஷயம், பலர் கவனிப்பதில்லை. எல்-நிக்கோரின் புதிய 'என்' பதிப்பிலும் காம்போனான்-எஸ்ஸிலும் இருட்டில் எஃப் எண் ஒளிரும்படி ஒரு வழி வைத்திருப்பார்கள். மரைப் பக்கத்து விளிம்பில் சின்னத் திறப்பு இருக்கும், என்லார்ஜர் விளக்கின் ஒளி அது வழியாக வந்து எண்ணைக் காட்டும். கேமராவில் மாட்டும்போது அந்தப் பாதை வழியாக ஃப்ளாஷ் ஒளி உள்ளே கசிந்து படம் முழுக்க வெள்ளைப் புகை மூடின மாதிரி வரும். லென்ஸ் மட்டம் என்று நினைத்து விற்றுவிடுவார்கள். எண் தெரியும் அந்த ஜன்னலையும் விளிம்புத் திறப்பையும் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டால் மூடிவிட்டு அப்புறம் சோதியுங்கள்.

சரி, சோதனை. ரூபாய் நோட்டு வேண்டாம். 3 மடங்கில் பார்த்தால் அச்சு மை நூலிழைகளில் ஊறிப் பரவியிருப்பது தெரியும், பொருளே கூர்மையாக இல்லாதபோது லென்ஸை எப்படி மதிப்பிடுவது? பேப்பர் தட்டையாகவும் படுக்காது. சிலிக்கான் சில்லுதான் வேண்டும். சுலபமாகக் கிடைப்பது ஈப்ராம் என்ற பழைய நினைவகச் சில்லு, 27சி256 மாதிரி. மேலே வட்டமாக ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும், உள்ளே சில்லு பளபளவென்று தெரியும். சென்னையில் ரிச்சி தெருவில் பழைய போர்டு விற்பவர்களிடம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வரி வரியாக, முழுக்கத் தட்டை. நடுவும் மூலையும் ஒரே மாதிரி நுணுக்கம். இதைவிட நேர்மையான சோதனைப் பொருளை நான் பார்த்ததில்லை. அந்தக் குவார்ட்ஸ் மூடி 4 மடங்கு வரை தொந்தரவு தராது. 10 மடங்கு 0.25 லென்ஸுக்குப் போனால் மூடி இல்லாத சில்லு தேடுங்கள், அங்கே கண்ணாடித் தடிமன் படத்தைக் கெடுக்கத் தொடங்கும்.

ஒளிக்கு ஃப்ளாஷ் மட்டும். சில்லு கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும், அதனால் லென்ஸுக்கும் சில்லுக்கும் நடுவில் டிரேசிங் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி வைத்து வெளியிலிருந்து ஃப்ளாஷ் அடியுங்கள். அறையை இருட்டாக்கிவிடுங்கள். கேமராவின் கண்ணாடி எழும் அதிர்வு, தெருவில் போகும் லாரி, மாடிப்படியில் யாராவது இறங்குவது எல்லாம் 4 மடங்கில் நான்கு மடங்காகத் தெரியும். ஃப்ளாஷ் ஒளி அவ்வளவு குறுகியது என்பதால் அதிர்வு பதியாது. விளக்கு வெளிச்சத்தில் செய்த சோதனையை நான் நம்புவதில்லை.

உருப்பெருக்கம் மூன்று லென்ஸுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலைப் படம் எடுத்துப் பாருங்கள். சென்சார் அகலம் 23.5 மிமீ. ஃப்ரேமில் 5.9 மிமீ தெரிந்தால் 4 மடங்கு, 7.8 தெரிந்தால் 3. 50 மிமீ லென்ஸில் 4 மடங்குக்கு லென்ஸிலிருந்து சென்சார் வரை சுமார் 250 மிமீ வேண்டும், 28-க்கு 140 போதும். பெல்லோஸ் எட்டாவிட்டால் 3 மடங்கில் ஒப்பிடுங்கள். ஒன்றை 2-லும் ஒன்றை 4-லும் வைத்து ஒப்பிட்டால் அதில் ஒன்றும் புரியாது.

இப்போது முக்கியமான கட்டம். ஒரே ஒரு ஃபோகஸில் படம் எடுத்து 'ஓரம் மங்கல்' என்று தீர்ப்பு எழுதக் கூடாது. கூர்மைக்கு முன்னாலிருந்து பின்னால் வரை சின்னச் சின்ன அடியாக நகர்த்தி வரிசையாக எடுங்கள். பிறகு நடுப்பகுதி எந்த ஃப்ரேமில் கூர்மை, ஒவ்வொரு மூலையும் எந்த ஃப்ரேமில் கூர்மை என்று தனித்தனியாகப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே ஃப்ரேமில் கூர்மையாகி, அது நடுவின் ஃப்ரேமிலிருந்து விலகியிருந்தால், லென்ஸின் குவியத் தளம் வளைந்திருக்கிறது. ஸ்டேக்கிங் செய்பவருக்கு அது ஒரு குறையே அல்ல, மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இடது மூலைகள் ஒரு ஃப்ரேமிலும் வலது மூலைகள் வேறு ஃப்ரேமிலும் வந்தால் சில்லு சாய்ந்திருக்கிறது, லென்ஸைத் திட்டாதீர்கள், அடியில் காகிதத் துண்டு கொடுத்து நிமிர்த்துங்கள். ஒரு மூலை மட்டும் எந்த ஃப்ரேமிலுமே கூர்மையாகவில்லை என்றால் லென்ஸைப் பாதிச் சுற்று திருகி மறுபடி எடுங்கள். மங்கல் மூலையும் கூடவே எதிர்ப்பக்கம் போனால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி மையம் தப்பியிருக்கிறது. பழைய லென்ஸில் இது சாதாரணம், யாரோ பூஞ்சை துடைக்கக் கழற்றி மாட்டியிருப்பார்கள். மங்கல் அதே இடத்தில் நின்றால் உங்கள் பெல்லோஸ் கோணல்.

நிறப் பிசிறு பார்க்க அலுமினியத் தாளைக் கசக்கி, சாய்த்து வைத்து எடுங்கள். பளிச்சிடும் பொட்டுகளில் ஃபோகஸுக்கு முன்னால் இருப்பவை ஊதாச் சிவப்பாகவும் பின்னால் இருப்பவை பச்சையாகவும் தெரிந்தால், அந்த லென்ஸில் ஸ்டேக் செய்யும்போது ஒவ்வொரு ரோமத்தைச் சுற்றியும் நிற மூட்டம் தங்கிவிடும். ஓரத்தில் மட்டும் வரும் நிறக்கோட்டை மென்பொருளில் சரி செய்யலாம், இதைச் சரி செய்வது கஷ்டம். வாங்குவதா விற்பதா என்று நான் முடிவெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு படத்தை வைத்துத்தான்.

உங்கள் மைக்ராஸ்கோப் லென்ஸில் 0.10 என்று எழுதியிருக்கிறது அல்லவா? லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியை வாங்கும் என்பதைச் சொல்லும் எண் அது. உருப்பெருக்கத்தை அந்த எண்ணின் இரண்டு மடங்கால் வகுத்தால் நிஜ எஃப் எண் வரும்: 4-ஐ 0.2-ஆல் வகுத்தால் எஃப்/20. எல்-நிக்கோரை 4 மடங்கில் எஃப்/4-இல் வைத்தால் 4 பெருக்கல் 5, அதுவும் எஃப்/20! ஒளி விளிம்பில் வளைந்து பரவுவது இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே அங்கே வைத்து ஒப்பிடும்போது தெரிகிற வித்தியாசம் முழுக்கக் கண்ணாடியின் தரம். இவ்வளவு நியாயமான போட்டி அமைவது அபூர்வம், விட்டுவிடாதீர்கள். திருப்பிப் போட்ட 28-க்கு இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும், அது சமச்சீரான அமைப்பு இல்லை. அதற்கு எஃப்/2.8-லிருந்து 5.6 வரை வரிசையாக எடுத்துக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

லேத்துப்பட்டறை:

இருட்டறை அண்ணன் சொன்னதற்கு மேலே வளையம் பற்றி மட்டும். எல்-நிக்கோர் 'என்' பதிப்பின் முன்பக்க மரை 40.5 மிமீ. 40.5-லிருந்து 52-க்கு ஏற்றும் வளையமும், 52 மிமீ நிக்கான் திருப்பு வளையமும் போதும், பட்டறைக்கு வரவே வேண்டாம். பழைய பதிப்பாக இருந்தால் அளந்துவிட்டு வாங்குங்கள்.

மைக்ராஸ்கோப் லென்ஸ் மரை 20.32 மிமீ, அங்குலத்துக்கு 36 பல், மரையின் கோணம் விட்வொர்த் முறைப்படி 55 டிகிரி. இதை மெட்ரிக் 20-க்கு 0.75 என்று வெட்டிக் கொடுப்பவர்கள் உண்டு, லென்ஸ் மரை தேய்ந்துவிடும். என்லார்ஜர் 39 மிமீ மரையிலும் அதே கதை. அங்குலத்துக்கு 26 பல் என்றால் 0.977 மிமீ. பட்டறைக்காரர் 1 மிமீ வெட்டினால் இரண்டு சுற்று நன்றாகப் போகும், அப்புறம் இறுகும். இறுகினால் முறுக்காதீர்கள், லென்ஸ் நேராக உட்காராது, அண்ணன் சொன்ன கோணல் வரும்.

வளையத்தின் உட்புறத்தை வழவழப்பாக விடச் சொல்லாதீர்கள். உள்ளே நெருக்கமாக மரை மாதிரி வரி இழுத்து மேட் கறுப்பு அடிக்கச் சொல்லுங்கள். வழவழ அலுமினியத்தில் கறுப்பு அடித்தாலும் சாய்ந்து வரும் ஒளி மின்னும்.

ஆய்வுக்கூடம்:

கல்லூரி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் பார்த்துக்கொள்கிறேன். 160 என்று (மைக்ராஸ்கோப் குழாயின் நீளம், மிமீயில்) எழுதிய லென்ஸை மாட்டும்போது லென்ஸ் தோளிலிருந்து சென்சார் வரை 150 மிமீ வையுங்கள், 160 அல்ல. குழாயின் மேல் விளிம்புக்கு 10 மிமீ கீழேதான் பிம்பம் விழும், ஐபீஸ் அங்கேதான் பார்க்கும். நிக்கானில் மவுன்டிலிருந்து சென்சாருக்கு 46.5 மிமீ, ஆக பெல்லோஸும் வளையமும் சேர்ந்து 103.5. 4 மடங்கு லென்ஸ் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், 10-க்கு மேல் பொறுக்காது.

கண்ணாடி உடைந்து மூலையில் கிடக்கும் பழைய மைக்ராஸ்கோப் கிடைத்தால் வாங்கி வையுங்கள். அதன் மேடையில் பூச்சியை வைத்து, நுண் திருகால் நகர்த்தினால் மலிவான ஃபோகஸ் ரெயில் ஆகிவிடும். பல மாடல்களில் நுண் திருகு ஒரு சுற்றுக்கு 0.2 மிமீதான் நகரும், சுற்றில் நூறு கோடு இருந்தால் ஒரு கோட்டுக்கு 2 மைக்ரான். கடையில் விற்கும் திருகு ரெயிலில் இந்த நுணுக்கம் வராது.

மாந்தோப்பு:

எல்லோருக்கும் நன்றி. எல்-நிக்கோரை நேராகத்தான் மாட்டியிருந்தேன் அண்ணா, இப்போது திருப்பியாயிற்று. ஈப்ராம் கிடைத்தது. ஜன்னலில் டேப் ஒட்டியதும் படத்தின் கறுப்பு நிஜமாகவே கறுப்பானது, அதுவே பெரிய மாற்றம்.

28 மிமீ: மேல் வலது மூலை எந்த ஃப்ரேமிலும் தெளியவில்லை. பாதிச் சுற்று திருகினேன், மங்கல் கீழ் இடதுக்கு வந்துவிட்டது. அலுமினியத் தாளிலும் நிறம் பளிச்சென்று தெரிகிறது. எல்-நிக்கோர் எஃப்/4: நடுவும் மூலையும் ஒரே ஃப்ரேமில், நிறம் லேசாக. மைக்ராஸ்கோப் லென்ஸ்: 4 மடங்கில் நடுப்பகுதி எல்-நிக்கோரைவிடத் துளி கூர்மை, கறுப்பு வெள்ளை வரிகள் இன்னும் பிரிந்து நிற்கின்றன. ஆனால் ஃப்ரேமின் கடைசிப் பகுதி நான்கு பக்கமும் சமமாக மங்குகிறது, ஃபோகஸை மாற்றினாலும் முழுக்கத் தேறவில்லை. எதை வைத்துக்கொள்ள?

இருட்டறை:

28-ஐ விடுங்கள், மையம் தப்பியது உறுதி. விற்கும்போது அதைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

மற்ற இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் வேலை வேறு. ஓரம் மங்குவது அந்த மைக்ராஸ்கோப் லென்ஸின் இயல்பு. அதன் மேல் 'பிளான்' (ஓரம் வரை தட்டையாகத் திருத்தியது என்பதற்கான குறி) என்று எழுதியிருக்காது, பாருங்கள். எழுதாத லென்ஸ்கள் நடுவட்டத்துக்குத்தான் திருத்தப்பட்டவை. முசுறின் முகம் ஃப்ரேம் நடுவில் இருக்கும், ஓரத்தில் மங்கிய பின்னணிதான். அங்கே கூர்மை யாருக்கு வேண்டும்? கண் சில்லுக்கு அதையே மாட்டுங்கள். கூட்டுக்கு அடியில் செத்து விழுந்து கிடக்கும் முசுறு போதும், உயிரோடு இருப்பது ஸ்டேக்கிங்குக்கு நிற்காது.

அந்த லென்ஸில் ஒரு ஃப்ரேமின் ஆழம் சுமார் 55 மைக்ரான். ஒவ்வொரு நகர்வுக்கும் 40 மைக்ரான் வைத்தால் ஃப்ரேம்கள் ஒன்றன் மேல் ஒன்று கவிந்து வரும். முகத்தின் ஆழம் ஒரு மிமீ என்றால் 25 படம், முன்பின் கொஞ்சம் கூட்டி 30. ஸ்டேக்கிங் மென்பொருள் ஜெரீன் ஸ்டேக்கர், ஹெலிகான் ஃபோகஸ் எதுவானாலும் சரி. ரோமம் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் இடத்தில் ஜெரீனின் பிமேக்ஸ் முறை நன்றாகப் பிரிக்கிறது, நிறம் மட்டும் கொஞ்சம் முரடாகும். டிமேப் முறையிலும் ஒன்று செய்து, வழவழப்பான தலைப்பகுதியை அதிலிருந்து எடுத்துப் பூசிக்கொள்ளுங்கள்.

சிலந்திக்கு எல்-நிக்கோர். குறிப்பாக ஆண் கிடைத்தால் அதன் தாடை முன்னால் நீண்டு நிற்கும், முசுறு இன்னொரு முசுறைக் கவ்விப் போவது போலத் தெரிவது அதனால்தான். பக்கவாட்டில் எடுத்தால் 4 மடங்கின் 5.9 மிமீ அகலம் பற்றாது. பெல்லோஸைச் சுருக்கி 2 மடங்குக்கு வந்தால் 11.7 மிமீ கிடைக்கும், எஃப்/5.6 வரை மூடலாம், நிஜத்தில் எஃப்/17 தான் ஆகும். இரண்டு முகத்தையும் பக்கம் பக்கமாக வைக்கப் போவதால் ஃப்ளாஷ் இருக்கும் இடத்தையும் டிரேசிங் பேப்பர் குழாயையும் இரண்டுக்கும் ஒன்றாகவே வையுங்கள். முசுறின் செம்மஞ்சளும் சிலந்தியின் செம்மஞ்சளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதானே அந்தப் படத்தில் எல்லோரும் பார்க்கப்போவது.